பள்ளி மணி அடித்த பின்னும் பள்ளி உண்டு

தோட்டப்புறப் பெற்றோர் ஒருவரிடம், "உங்கள் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் எவ்வாறு பயில்கிறான்?" என்று வினவினால், பெரும்பாலும் தேர்வுப் புள்ளிகளைப் பற்றிய விடையே கிடைக்கும். கணிதத்தில் இத்தனை, தேசிய மொழியில் இத்தனை, ஆங்கிலத்தில் இன்னும் போதாது என்று கூறுவர். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் ஒருவர் இவ்வளவு அறிந்து வைத்திருப்பதே பாராட்டுக்குரியது. ஆயினும், "பிள்ளை எந்தச் சீருடை இயக்கத்தில் இருக்கிறான்? எந்தக் கழகத்தில் உறுப்பினன்? எந்த விளையாட்டு இல்லத்தைச் சேர்ந்தவன்?" என்று தொடர்ந்து வினவினால் விடை கூறக்கூடியவர் சிலரே.

இவை வீண் கேள்விகள் அல்ல. இடைநிலைப்பள்ளியின் ஓராண்டு வகுப்பறையோடும் தேர்வோடும் முடிந்துவிடுவதில்லை. திடலும், மன்றமும், முகாமும், விழாவும் அதன் மற்றொரு பாதியாகும். அந்தப் பாதியைத் தவறவிடும் பிள்ளை, பின்னாளில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது அதன் இழப்பை உணர்கிறான். அந்த ஆண்டு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் தோட்டப் பிள்ளைகளுக்கு உரிய பங்கை எவ்வாறு பெற்றுத் தருவது என்பதைக் கெடா மாநிலத்தை முன்வைத்து இங்கே விளக்குவோம்.

முன்னர் எட்டாத கதவு

அலோர் ஸ்டாரில் உள்ள சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி 1908ஆம் ஆண்டில் அரசாங்க ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், நான்காம் பிரதமர் டாக்டர் மகாதீரும் அங்குப் பயின்றவர்களே. அக்காலத்து நகரப் பள்ளிகளில், இங்கிலாந்துப் பள்ளிகளின் வழக்கத்தை ஒட்டி, பாடத்தோடு விளையாட்டும் மன்றங்களும் இடம்பெற்றிருந்தன. ஆனால், பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுட் பெரும்பாலோருக்கு அத்தகைய பள்ளிகள் எட்டாத் தொலைவில் இருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு அவர்களின் கல்வி நின்றுவிடும். பிறகு பெற்றோருடன் பால் வெட்டுக்குச் செல்வதே வழக்கமாயிற்று.

1964ஆம் ஆண்டு வரை ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று நடந்து வந்தது. அதில் தவறியோருக்கு மேலே செல்ல வழி குறைவு. அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை பயிலும் வாய்ப்பு உண்டாயிற்று. அன்று முதல் தோட்டப் பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பேருந்தேறிச் செல்லலாயினர். கதவு திறந்தது. எனினும், அக்கதவின் வழியாக வகுப்பறைக்குள் சென்ற பிள்ளைகளுட் பலர், பிற்பகல் திடலுக்குள் இன்னும் செல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆண்டு நடைபெறும் முறை

கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிகிறது. வெள்ளியும் சனியும் விடுமுறை நாட்கள். பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சிலும் பிப்ரவரியிலும் தொடங்கிய பள்ளி ஆண்டு, 2026ஆம் ஆண்டு முதல் மீண்டும் ஜனவரிக்கு வந்துள்ளது.

ஆண்டின் தொடக்க வாரங்களில் பிள்ளைகளுக்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. முதலாவது சீருடை இயக்கம். சாரணர், பெண் சாரணியர், செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மாணவர் போலீஸ் படை முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது கழகம் அல்லது மன்றம். தமிழ்மொழிக் கழகம், அறிவியல் கழகம், கணிதக் கழகம், நாடக மன்றம் என்பன போன்றவை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். மூன்றாவது விளையாட்டு. காற்பந்து, பூப்பந்து, கைப்பந்து, வலைப்பந்து, சதுரங்கம் ஆகியவற்றுள் ஒன்றில் பிள்ளை சேர வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2011ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது.

இவற்றோடு பிள்ளைகள் அனைவரும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை போன்ற நிறங்களைக் கொண்ட விளையாட்டு இல்லங்களாகப் பிரிக்கப்படுவர். குறுக்கோட்டமும், அதனைத் தொடர்ந்து திடல்தடப் போட்டிகளும் நடைபெறும். ஓட்டத்தில் முதலாவதாக வருபவர்க்கு மட்டுமன்று, குறித்த நேரத்திற்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொருவர்க்கும் அவரவர் இல்லத்தின் கணக்கில் புள்ளி சேர்க்கும் பள்ளிகள் பல உண்டு. மெதுவாக ஓடும் பிள்ளையும் தன் இல்லத்திற்குப் பயன்படுகிறான் என்பது இதன் பொருள்.

ஆண்டின் இடையில் முகாம், பேச்சுப் போட்டி, மாவட்ட ஆட்டங்கள், ஆசிரியர் தினம், தேசிய தினம், தீபாவளி நிகழ்ச்சி ஆகியவை தொடரும். ஆண்டு இறுதியில் ஐந்தாம் படிவத்தார் எஸ்.பி.எம். தேர்வுக்கு அமர்வர். பரிசளிப்பு விழாவும் பள்ளி ஆண்டு மலரும் அவ்வாண்டின் நினைவுகளாக அமையும்.

பத்து விழுக்காட்டின் மதிப்பு

"விளையாட்டும் முகாமும் நல்லவைதாம், ஆனால் அவற்றால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வியே. அதற்கு நேரான விடையும் உண்டு.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது, நூற்றில் தொண்ணூறு பங்கு தேர்வு முடிவுக்கும், பத்துப் பங்கு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எஸ்.பி.எம். மாணவர்க்கும் புறப்பாடப் புள்ளி கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒரே அளவான தேர்ச்சி பெற்ற இருவருள் ஒருவருக்கு இடமும் மற்றவருக்கு ஏமாற்றமும் கிடைக்க, அரை விழுக்காட்டு வேறுபாடே போதுமானதாகிவிடும். பத்து விழுக்காட்டை முற்றிலும் கைவிட்டு எவ்வாறு போட்டியிடுவது?

இப்புள்ளிகள் பி.ஏ.ஜே.எஸ்.கே. என்னும் மதிப்பீட்டின் வழியாகப் பள்ளியில் ஆண்டுதோறும் பதிவு செய்யப்படுகின்றன. பதவி, பங்கேற்பு, அடைவுநிலை, சேவை, ஈடுபாடு, வருகை ஆகியவை அதன் கூறுகள். இவற்றுள் மற்ற எந்தக் கூற்றைக் காட்டிலும் வருகைக்கே மிகுந்த புள்ளி உண்டு என்பதைப் பெற்றோர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பதக்கம் வெல்லாத பிள்ளையும், தலைவர் பொறுப்பு வகிக்காத பிள்ளையும், ஒழுங்காகச் சென்று வந்தால் கணிசமான புள்ளியைப் பெற்றுவிடலாம். மாறாக, பிற்பகல் நடவடிக்கைக்குச் செல்லாமலே வீடு திரும்பும் பிள்ளை, திறமை இருந்தும் அப்புள்ளியை இழக்கிறான்.

2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022ஆம் ஆண்டில் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. அதனால் பள்ளியிலேயே செய்யப்படும் மதிப்பீடுகள் முன்னிலும் முக்கியத்துவம் பெற்றன. செகாக் எனப்படும் உடல் தகுதிச் சோதனை ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. பலகையில் ஏறி இறங்குதல், தரையில் கையூன்றி எழுதல், படுத்தவாறு தலை தூக்குதல், அமர்ந்து முன்வளைதல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டு வாசலிலேயே பயிற்சி பெறலாம்.

திடலிலிருந்து நாடு வரை

பள்ளி அளவில் சிறந்து விளங்குவோர் மாவட்டப் போட்டிக்குச் செல்வர். சுங்கை பட்டாணி, பீடோங் சுற்றுவட்டாரப் பள்ளிகள் கோல மூடா, யான் மாவட்டங்களைச் சேர்ந்தவை. மாவட்டத்தில் வெல்வோர் கெடா மாநில அணிக்கும், அங்கிருந்து மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டிக்கும் தெரிவு செய்யப்படுவர். ஒவ்வொரு படியும் புறப்பாடப் புள்ளியை உயர்த்தும்.

விளையாட்டில் ஈடுபட்டால் படிப்புக் கெடும் என்னும் அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இதற்கு மறுமொழியாகச் சிலரின் வாழ்க்கையைக் காட்டலாம். டாக்டர் எம். ஜெகதீசன் மருத்துவம் பயின்றவர். அவரே 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் பேராக் மாநிலத்தவரான எம். ராஜாமணி 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். அவ்வாண்டில் முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவரையுமே சென்றடைந்தன.

நம் காலத்தில் கெடாவிற் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் ஸ்குவாஷ் ஆட்டத்தில் புகழ் ஈட்டியுள்ளார். 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் நிக்கோல் டேவிட்டிடம் தோல்வியுற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கல்வியையும் ஆட்டத்தையும் ஒருசேரத் தொடர்ந்தார். 2022ஆம் ஆண்டில் சாலை விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. அதிலிருந்து மீண்டு, 2023ஆம் ஆண்டில் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கத்தை வென்றார்.

எல்லாப் பிள்ளைகளும் இவர்களைப் போல் ஆகிவிடுவர் என்று கூற வரவில்லை. படிப்பும் விளையாட்டும் பகையல்ல என்பதே இங்குக் கொள்ள வேண்டிய கருத்து. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும்!

விழாவும் பயணமும் கற்பிப்பவை

மே 16ஆம் நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1956ஆம் ஆண்டில் அதே நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. அன்று மாணவரே மேடையலங்காரம் செய்வர், வரவேற்புரை ஆற்றுவர், ஆசிரியர்களுக்கு எதிராகக் கயிறு இழுப்பர். தேசிய தினத்தில் அணிவகுப்பர். ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிடுதல், பணத்துக்குக் கணக்கு வைத்தல், பலர் முன் அச்சமின்றிப் பேசுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் இத்தகைய நாட்களில்தான் பழகுகின்றனர்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு. தேசிய மொழியில் போதிய பயிற்சி இல்லாதோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில நேரிடுவதுண்டு. வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளை, பந்தாட்டத்தில் "இங்கே போடு" என்று மலாயில் கூவத் தயங்குவதில்லை. மலாய், சீன நண்பர்களோடு கூடாரம் அடிக்கும்போதும் சோறு சமைக்கும்போதும் மொழி தானே வந்து படிகிறது. நட்பும் வேர் விடுகிறது.

கெடாப் பிள்ளைகளுக்குக் கல்விச் சுற்றுலாவும் அண்மையிலேயே உள்ளது. ஜெராய் மலையின் அடிவாரத்தில் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகத்தில், 1960ஆம் ஆண்டில் மீண்டும் அடுக்கிக் கட்டப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயில் உள்ளது. பீடோங்குக்கு அருகே சுங்கை பத்துவில், செம்பனை மரங்களுக்கிடையே, 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பண்டைய இரும்பு உருக்குலைகளை அகழ்ந்து கண்டனர். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இம்மண்ணே. தாம் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் நிலத்தின் வரலாற்றை ஆசிரியர் விளக்கக் கேட்கும் பிள்ளை, பாடநூலைப் புதிய கண்ணோடு பார்க்கும்.

தோட்டப் பிள்ளையின் தடைகள்

இத்தனை நன்மை இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் ஒதுங்கி நிற்கின்றனர்? சோம்பல் என்று அவர்கள்மேல் பழி சுமத்துதல் பொருந்தாது. தடைகள் உண்மையானவை.

முதலாவது தடை போக்குவரத்து. தோட்டத்திற்கு வரும் வேன் பள்ளி முடிந்ததும் ஒருமுறைதான் புறப்படுகிறது. அதனைத் தவறவிட்டால் வீடு சேர வழியில்லை. எனவே பிற்பகல் நடவடிக்கைக்குப் பெயர் கொடுத்த பிள்ளையும் வேனில் ஏறிவிடுகிறான். ஆசிரியரின் பதிவேட்டில் "வரவில்லை" என்னும் குறி மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாவது தடை பணம். சீருடை, காலணி, இல்லத்தின் நிறச் சட்டை, முகாம் கட்டணம் ஆகிய செலவுகள் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. வடமாநிலங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமும் ஆண்டின் முதல் மாதங்களே. வருமானம் குறையும் வேளையில் செலவு கூடுகிறது. அண்மைய ஆண்டுகளில் அரசாங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் ஒருவருக்கு 150 வெள்ளி உதவித்தொகை வழங்கி வருகிறது. அது கைக்கு வந்தவுடன் புறப்பாடத் தேவைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்பது நலம்.

மூன்றாவது தடை பெண்பிள்ளைகளைப் பற்றிய தயக்கம். முகாமில் இரவு தங்க வேண்டும் என்றதும் பெற்றோர் மறுத்துவிடுகின்றனர். அக்கறை இயல்பானதே, ஆனால் மறுக்குமுன் விவரம் அறிதல் வேண்டும். உடன் செல்லும் ஆசிரியைகள் எத்தனை பேர், தங்குமிடம் எது, அவசரத்தில் எந்த எண்ணில் தொடர்பு கொள்வது என்று பள்ளியைக் கேட்பது பெற்றோரின் உரிமை. மேலும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் மூத்த பெண்ணின்மேல் சுமத்தினால், அவளுடைய பள்ளி ஆண்டில் பாதி லயத்து வீட்டிலேயே கழிந்துவிடும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலில், புறப்பாட நடவடிக்கை வாரத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைப் பிள்ளையிடம் கேட்டறிந்து சுவரில் எழுதி வையுங்கள். சில பள்ளிகள் இதனை ஒரு நாள் பிற்பகலில் நடத்துகின்றன. சில பள்ளிகள் சனிக்கிழமை காலையில் நடத்துகின்றன.

அடுத்து, அதே தோட்டத்திலிருந்து அப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடுங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் வேன் தாமதமாகப் புறப்படவோ, இரண்டாம் முறை வரவோ ஓட்டுநருடன் பேசிக் கூடுதல் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு குடும்பத்தால் தாங்க இயலாத செலவு, ஆறு குடும்பங்கள் சேரும்போது சிறிதாகிவிடும். தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்து வழி வேண்டுகோள் விடுக்கலாம். அன்றைய பகலுணவைக் காலையிலேயே கட்டிக் கொடுங்கள். பசித்த வயிற்றோடு திடலில் ஓட இயலாது.

சீருடை இயக்கத்தைத் தெரிவு செய்யுமுன் அதன் சீருடைச் செலவை விசாரியுங்கள். இயக்கத்துக்கு இயக்கம் அது வேறுபடும். மேற்படிவத்திற்குச் சென்ற அண்ணன் அக்காளின் சீருடையை அண்டை வீட்டுத் தம்பி தங்கைக்கு வழங்கும் பழக்கத்தைத் தோட்டத்தில் ஏற்படுத்தலாம்.

பிள்ளை கொண்டுவரும் இசைவுக் கடிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். படிக்காமல் மறுக்கவும் வேண்டா. மலாய் வாசகம் விளங்காவிடில் பிள்ளையையே வாசித்துப் பொருள் கூறச் சொல்லுங்கள். அதுவும் ஒரு மொழிப்பயிற்சியே.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். பின்வரிசையில் அமர்ந்து எழுந்து வந்துவிடாமல், வேன் நேரத்தைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேளுங்கள். தோட்டப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று, வாகனமின்மையே என்பதை நீங்கள் சொன்னாலன்றி ஆசிரியர் எவ்வாறு அறிவார்? இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிடில், குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் சேர்ந்து கேட்டால், நடைமுறைக்கு இயலுமாயின் அதற்கு ஏற்பாடு செய்யலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. வகுப்பு இருக்கும் இடத்தில்தான் தமிழ்மொழிக் கழகமும் தழைக்கும்.

ஆண்டு இறுதியில் பிள்ளையின் புறப்பாட மதிப்பீட்டைக் கேட்டுப் பாருங்கள். போட்டிச் சான்றிதழ்கள் அனைத்தையும் ஓர் உறையிலிட்டு, மழை நீரும் கறையானும் அணுகாதவாறு பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் விண்ணப்பம் நிரப்பும் நாளில் அவ்வுறை பயன்படும்.

தொழிலாளப் பெற்றோர்களே! மரத்தின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் கண்டு அதன் வயதை மதிப்பிட்டுவிட முடியாது என்பது உங்களுக்கு நன்கு தெரியும். பிள்ளையின் பள்ளி வாழ்வும் அத்தகையதே. தேர்வுத்தாளைக் காணும் அதே கண்ணால் திடலையும் காணுங்கள். இனி மாலையில் பிள்ளை புழுதி படிந்த காலணியோடு தாமதமாக வீடு திரும்பினால், "எங்கே சுற்றினாய்?" என்று கேட்குமுன், "இன்று பயிற்சி எப்படி நடந்தது?" என்று கேளுங்கள். வாரம் ஒரு நாள் வேன் இரண்டு மணி நேரம் காத்திருக்க நீங்கள் செய்யும் ஏற்பாடு, உங்கள் பிள்ளைக்கு ஒரு பல்கலைக்கழக இடத்தையே பெற்றுத் தரக்கூடும்.